பீரோவிலேயே இருக்கிறது குழந்தைக்கான துணி

என் தம்பி மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவத்துக்கு டேட் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு என்னவெல்லாம் வாங்கி வைக்கணும் அக்கா என்று கேட்டாள். மற்றதையெல்லாம் பட்டியல் போட்டுக்கொள், குழந்தையைத் துடைக்கிற ஈரத் தாள் இருக்கிறதே, அந்த வெட் வைப்ஸ் மட்டும் வாங்காதே, அது என் பொறுப்பு, துணியிலேயே செய்து தருகிறேன் என்று சொன்னேன். அவளுக்குக் குழப்பம். துணியில் வைப்ஸா, அதை வீட்டிலேயே செய்வதா, அப்புறம் அதை அலசி மறுபடியும் குழந்தைக்கு வைப்பதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். போனில் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் ஆகும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தைப்பது இதில் ரொம்பச் சின்ன வேலை. மெஷின் இல்லாதவர்கள்கூட ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். எந்தத் துணியை எடுப்பது, அந்தத் துணி இத்தனை நாள் எங்கே கிடந்தது, அழுக்கானதும் எப்படி அலசுவது, யார் அலசுவது, இந்த நான்கில்தான் காரியம் இருக்கிறது. இதைப் பற்றிச் சொல்லித் தருகிறவர்களில் பாதிப் பேர் ஃபிளானல் வாங்குங்கள் என்று ஆரம்பிக்கிறார்கள். ஃபிளானல் குளிர் நாட்டுக்கான துணி. கனமாக இருக்கும், நம் ஊர் மழைக்காலத்தில் லேசில் காயாது. அதைவிட நல்லது நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, கடையில் வாங்குகிற பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தொட்டால் துணிபோலத் தெரியும், ஆனால் அது நெய்தது இல்லை. பெரும்பாலும் பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் இழையையும் மரக்கூழிலிருந்து எடுக்கிற விஸ்கோஸ் இழையையும் கலந்து பரப்பி, அதன்மேல் தண்ணீரை ஊசி மாதிரி மெல்லிய தாரைகளாக அதிக அழுத்தத்தில் பீய்ச்சி, இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து எடுக்கிறார்கள். ஸ்பன்லேஸ் என்று பெயர். பிளாஸ்டிக் இழை கலக்காதவையும் இப்போது வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிளாஸ்டிக் இருந்தால் பாக்கெட்டின் மேலேயே அடையாளம் போட வேண்டும் என்பது 2021 ஜூலையிலிருந்து கட்டாயம். இங்கே பின்பக்கம் பொடி எழுத்தைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்த ஈரம். நனைந்த எதையும் மூடிய பையில் மாதக்கணக்கில் வைத்தால் அதில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். அதனால் பதனப்பொருள் சேர்த்தே ஆக வேண்டும், ஈரத்தைக் கடையில் வைத்து விற்க வேறு வழியில்லை. எதைச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். மெத்தில்ஐசோதையசோலினோன் என்று ஒன்று, சுருக்கமாக எம்ஐ. ஒரு காலத்தில் நிறைய வைப்ஸில் இருந்தது. குழந்தைகளுக்கும், அவர்களைத் துடைத்துவிடுகிற பெரியவர்களின் கைகளுக்கும் அதனால் ஒவ்வாமை வருவதைப் பார்த்து, தொடு ஒவ்வாமைக்கான அமெரிக்க மருத்துவர் சங்கம் 2013இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலில் பூசி அப்படியே விட்டுவிடுகிற பொருள்களில் அது இருக்கவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் மாற்றிக்கொண்டன. ஆனாலும் பாக்கெட் வாங்குகிறவர்கள் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் மகளுக்கு முதல் மாதத்திலேயே தொடை இடுக்கெல்லாம் சிவந்துபோனது. தொட்டாலே வீரிட்டு அழுவாள். டாக்டர் பெரிதாக எதுவும் எழுதித் தரவில்லை. வாசனை போட்ட எதையும் கொஞ்ச நாளைக்குத் தொடாதீர்கள், வெறும் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள், ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, எழுந்து பீரோவைத் திறந்துவிட்டது. “புதுத்துணியெல்லாம் வேண்டாஞ் சாமி. உங்க அப்புச்சி வேட்டி நல்லா நைஞ்சு கிடக்குது, அதைக் கிழிச்சுக்க.” எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் சுற்றுவார்கள். அதில் சம்பிரதாயம் பாதி என்றால், மிச்சப் பாதி தோல் பற்றிய அறிவு.

இன்னொரு காரணமும் எனக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு முறை மாற்றினால், முறைக்கு இரண்டு தாள் என்று பதினாறு தாள். 72 தாள் உள்ள பாக்கெட் ஐந்து நாள் வராது. அத்தனையும் எங்கே போகிறது? பாதி குப்பையில், மலத்தோடு. நாய் கிளறும், தூய்மைப் பணியாளர் கையால் பிரிப்பார். மீதியைச் சிலர் டாய்லெட்டிலேயே போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். 2017இல் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஓர் அடைப்பைக் கண்டுபிடித்தார்கள். சமையல் கொழுப்பும் வைப்ஸும் டயப்பரும் சேர்ந்து இறுகிப்போனது. அதை உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. நம் ஊரில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்புறமும் தமிழ்நாட்டில் விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்ற செய்தியைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். என் குழந்தையைத் துடைத்த தாள் இன்னொருவர் குழிக்குள் இறங்கக் காரணமாவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வைப்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் எந்தப் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் டாய்லெட்டில் போடாதீர்கள்.

இனி துணி. முதல் தேர்வு பல வருடம் கட்டித் துவைத்த பருத்தி வேட்டி. புதுத்துணி ஏன் உறிஞ்சுவதில்லை என்றால், பஞ்சிலேயே இயற்கையாக ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, போதாததற்கு நெய்வதற்கு முன் பாவுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவார்கள். சலவைப் பட்டறையில் கொஞ்சம் போகும், மீதி நம் வீட்டுத் துவைகல்லில் போக வேண்டும். பழைய வேட்டியில் அதெல்லாம் எப்போதோ போய், நூலும் தளர்ந்து, தண்ணீரைக் கண்டதும் இழுத்துக்கொள்ளும். பருத்திக்கு இன்னொரு குணமும் உண்டு, நனைந்தால் அதன் இழை முன்பைவிட உறுதியாகும். விஸ்கோஸ் அதற்கு நேர் எதிர், நனைந்தால் தளர்ந்துவிடும். அப்புச்சி கட்டிய வேட்டியை இத்தனை வருடம் அடித்துத் துவைத்தும் அது மிஞ்சி நிற்பதற்கு அதுதான் காரணம். ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அங்கங்கே கண்ணியாகத் தெரிகிற அளவுக்கு நைந்த இடம் வேண்டாம், இரண்டு அலசலில் கிழிந்துவிடும்.

வேட்டி கிடைக்கவில்லையா, ஈரிழைத் துண்டு. புதிதாக வாங்கினாலும் பரவாயில்லை, நாலைந்து முறை துவைத்துக் காயவைத்தால் பதத்துக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால் கனமான மலத்தைத் துடைக்க வேட்டியைவிட இதுதான் மேல், நெசவில் ஒரு சொரசொரப்பு இருப்பதால் ஒரே இழுப்பில் வந்துவிடும், ஆனால் பிறந்த குழந்தைக்கு முதல் ஒன்றிரண்டு மாதம் வேட்டித் துணிதான் சரி. மல் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும், அதுவும் நல்லது. காடாத் துணி மலிவு என்று வாங்கிவிடாதீர்கள், பிஞ்சுத் தோலுக்கு முரடு. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனியன் கட்பீஸ் எடைக்குக் கிடைக்கும். அதில் ஒரு வசதி, வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, தைக்காமலே பயன்படுத்தலாம். பனியன் துணியில் சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய வகை என்றால் ஓரம் சுருண்டுகொள்ளும், இன்டர்லாக் என்ற கனமான வகை என்றால் சுருளாது. லைக்ரா கலந்ததை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது வருகிற வேட்டியில் நிறைய பாலிகாட்டன், அதாவது பாலியெஸ்டர் கலந்த பருத்தி. கையால் தொட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, சேர்த்து முறுக்கி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் சுருங்கி உருகி, ஆறியதும் நுனியில் கறுப்பாகக் கெட்டியான மணி ஒன்று நிற்கும், நகத்தால் நசுக்கினாலும் நசுங்காது. பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்று பருத்தியாகவும் மற்றது கலப்பாகவும் இருக்கலாம். சாயம் போட்ட பழைய சுங்குடிச் சேலை மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும். வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டுப் பாருங்கள், தண்ணீரில் நிறம் இறங்கினால் குழந்தைக்கு வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து வேகமாகக் கடந்துவிடாதீர்கள். பழைய துணி என்றால் பீரோவில் அல்லது டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கும். பெட்டி என்றால் பாச்சா உருண்டை இருந்திருக்கும். அந்துருண்டை என்றும் சொல்வார்கள், நாப்தலீன். அந்த வாசனை ஏறிய துணி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். தாய்வழியாக வருவது, ஆண் குழந்தைகளுக்கே அதிகம், வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தையின் உடம்பில் நாப்தலீன் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து நொறுங்கும். உடைந்த அணுக்களிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் மளமளவென்று ஏறி மஞ்சள் காமாலை முற்றும், அது மூளையையே தாக்கக்கூடும். மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும், உடம்பில் எண்ணெய் தடவியிருந்தால் தோல் இன்னும் எளிதாக உறிஞ்சும். நாம் குழந்தைக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள். பாட்டி பத்திரமாக எடுத்து வைத்த துணி, அம்மா அன்போடு தேய்த்த எண்ணெய், இரண்டும் சேர்ந்து இப்படி ஒரு விபத்தாக முடியலாம் என்பதை நிறைய வீடுகளில் யாரும் சொல்லித் தருவதில்லை.

அதனால் துணியை எடுத்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். வாசனை லேசாக இருந்தாலும் துவைத்து, வெயிலிலும் காற்றிலும் பல நாள் போட்டு, மறுபடி துவைத்து, மறுபடி முகருங்கள். அப்போதும் கொஞ்சமாவது தெரிந்தால் அந்தத் துணியைக் குழந்தை இருக்கும் அறைக்கே கொண்டுவர வேண்டாம், வேறு துணி தேடுங்கள். தைத்து முடித்ததை வைக்கிற அலமாரியிலும், தொட்டில் சேலையை வைக்கிற இடத்திலும் அந்த உருண்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பூச்சி வரும் என்று பயமாக இருந்தால் மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கோ டப்பாவோ போதும், தினமும் புழங்கும் துணியில் பூச்சி அரிக்க நேரம் ஏது.

துணி கிடைத்துவிட்டது, இனி வேலை. வேட்டியின் இரண்டு கரையையும் முதலில் எடுத்துவிடுங்கள், அங்கே நூல் நெருக்கம், துடைக்கும்போது கீறும். அந்தக் கரை நாடா வீணாகாது, மடித்து அடுக்கியதைக் கட்டி வைக்க உதவும். கத்தரியால் கோடு போட்டு வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஓரத்தில் ஒரு விரலளவு கத்தரியால் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்துச் சட்டென்று இழுத்தால் சர்ரென்று ஒரே நூலில் நேராகக் கிழியும். கிழிந்த ஓரத்தில் நாலைந்து நூல் தொங்கும், உருவிவிடுங்கள். கிழிக்கும்போது கோணலாகப் போனால் அந்த இடம் இற்றுவிட்டது என்று பொருள், அதைத் தள்ளிவிடலாம். நல்ல துணியா என்று பார்க்கிற சோதனையும் இதிலேயே முடிந்துவிடுகிறது.

அளவு 23 செ.மீ. சதுரம். நாலு முழ வேட்டி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், ஒண்ணேகால் மீட்டர் அகலம் இருக்கும். நீளத்தில் எட்டு, அகலத்தில் ஐந்து என்று நாற்பது சதுரம் வரும். இரண்டிரண்டாகச் சேர்த்தால் இருபது துடைக்கும் துணி. தைத்து முடிந்தபின் உள்ளங்கை முழுக்க நிறைகிற அளவில் 20 செ.மீ.க்கு நிற்கும். தினமும் அலசுகிற வீட்டுக்கு நாற்பது இருந்தால் தாராளம், அதாவது இரண்டு வேட்டி. மழைக்காலக் குழந்தை என்றால் இன்னொரு வேட்டியும் கிழித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் இருந்தால் இரண்டு சதுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூன்று விரல் இடைவெளி விட்டுச் சுற்றிலும் ஒரு தையல். அந்த இடைவெளி வழியாக உள்வெளியாகத் திருப்பி, மூலைகளைப் பென்சில் முனையால் தள்ளி, ஒரு இஸ்திரி போட்டு, ஓரத்தை ஒட்டி மேல்தையல் ஓட்டினால் இடைவெளியும் மூடிக்கொள்ளும். நடுவில் குறுக்கே ஒரு கோடு ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அலசி அலசி உள்ளே இரண்டு மடிப்பும் பிரிந்து சுருண்டுகொள்ளும். மெஷின் இல்லாதவர்கள் சேலைக்கு ஓரம் அடித்துத் தருகிற கடையில் கொடுத்து ஓவர்லாக் அடித்துக்கொள்ளலாம், அதுதான் சீக்கிரம். கையால் என்றால் ஓரத்தை இரண்டு மடிப்பு மடக்கி ஓட்டுத் தையல் போதும்.

எப்படித் தைத்தாலும் தொங்குகிற நூலை ஒட்ட வெட்டுங்கள். ஓவர்லாக் அடித்த மூலையில் ஒரு வால் தொங்கும், அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். தளர்ந்த நூலோ முடியோ பச்சைக் குழந்தையின் கால் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்று விரல் வீங்கிவிடும். குழந்தை காரணம் தெரியாமல் அழுகிறது என்றால் டாக்டர்கள் விரல்களைப் பார்ப்பது இதற்காகத்தான்.

நனைத்து டப்பாவில் அடுக்கி வைக்கச் சொல்லி, அதில் பேபி ஷாம்பு இத்தனை ஸ்பூன், டீ ட்ரீ எண்ணெய் இத்தனை சொட்டு என்றெல்லாம் செய்முறைகள் உலவுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாக்கெட் காரருக்கு இருக்கிற அதே சிக்கல் நமக்கும் உண்டே. நம் ஊர் வெக்கையில் ஈரத்துணியை மூடி வைத்தால் மறுநாளே புளித்த வாடை வரும், நம்மிடம் பதனப்பொருளும் இல்லை. துணியைக் காய்ந்ததாகவே அடுக்கி வையுங்கள். பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க்கில் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சின்னக் கிண்ணம். மாற்றும்போது ஊற்றி, நனைத்து, பிழிந்து, துடைக்க வேண்டியதுதான். இரவில் இருட்டில் எழுந்தாலும் அரை நிமிட வேலை. பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும். மடிப்புகளில் தேய்க்காமல் ஒற்றுங்கள். ஈரத்துணி இரண்டு, கடைசியில் காய்ந்த துணி ஒன்று, அந்தக் காய்ந்த துணியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், புண் வருவதே அந்த மிச்ச ஈரத்தில்தான்.

பிறந்த இரண்டு மூன்று நாளுக்கு மலம் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். முதலிலேயே லேசாகத் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூசி வைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். அந்த நாள்களுக்கு ஓரம் அடிக்காத துண்டுத் துணிகளை வைத்துக்கொண்டு, பயன்படுத்தித் தூக்கிப்போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் அலசிக் காயப்போட இடமும் இருக்காது. சிசேரியன் ஆன உடம்போடு யாரும் வாளிக்குக் குனிய வேண்டாம்.

அலசுவதில் ஒரே ஒரு சட்டம், முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டும். வெந்நீரில் நேராகப் போட்டால் மலத்திலும் பாலிலும் இருக்கிற புரதம் வெந்து நூலிலேயே பிடித்துக்கொள்ளும். கெட்டியானதை டாய்லெட்டில் உதறிவிட்டு, மூடி உள்ள வாளியில் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். அந்த வாளியைத் தவழ்கிற குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும், இரண்டு கை அளவு தண்ணீரும் ஒரு குழந்தைக்கு ஆபத்துதான். அன்றன்றைக்கு எடுத்து சோப்புப் போட்டு, நுரை போகும்வரை அலசி, உதறிக் காயப்போட வேண்டும். வாரத்தில் ஒருநாள் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுக்கலாம். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம், அது நூல்மேல் வழவழப்பாகப் படிந்து உறிஞ்சுகிற குணத்தையே கெடுத்துவிடும். பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி ஊறவைத்துக் கொதிக்கவைத்த தண்ணீர் இந்தத் துணிகளுக்கு அருமை, கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. சோப்பு அதிலிருக்கும் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்ததும் துணி அப்பளமாக விறைத்து நிற்பது அதனால்தான், அதை வைத்துத் துடைத்தால் குழந்தைக்கு எரியும். உப்புத் தண்ணீரில் பார் சோப்பைவிட லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சமாகப் போடுவது நல்லது. கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீர், அதாவது குழாயில் வருகிற நல்ல தண்ணீர், ஒரு வாளி ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த துணியை இரண்டு கையாலும் கசக்கி எடுத்து வைத்தால் மெதுமெதுப்பு திரும்ப வந்துவிடும்.

மஞ்சள் கறை பற்றித் தம்பி மனைவி ரொம்பக் கவலைப்பட்டாள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் மலம் அந்த நிறத்தில் இருப்பதற்குப் பெரும் காரணம் பிலிரூபின். பெரியவர்கள் குடலில் அதைப் பழுப்பாக மாற்றுகிற கிருமிகள் குழந்தைக்கு இன்னும் சேர்ந்திருக்காது. பிலிரூபினுக்கு வெளிச்சம் ஆகாது. துணியை ஈரத்தோடு நல்ல வெயிலில் போட்டுப் பாருங்கள், சாயங்காலம் எடுக்கும்போது கறை இருந்த இடமே தெரியாது, பிளீச்சிங் தேவையே இல்லை. காமாலை வந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தில் படுக்க வைக்கிறார்களே, அதுவும் இதே கதைதான். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடம் வெளுத்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருப்பதை அவர்தான் கவனித்து மருத்துவர்களுக்குக் காட்டினார். அதே மருத்துவமனையில் ஜன்னலோரம் வெயிலில் கிடந்த, பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வைத்த கண்ணாடிக் குழாயொன்றில் பிலிரூபின் அளவு குறைந்திருந்ததும் கண்ணில் பட, மருத்துவர் கிரெமரும் அவருடன் இருந்தவர்களும் 1958இல் அந்த ஒளிச் சிகிச்சையை எழுதி வெளியிட்டார்கள். துவைத்துக் காயப்போடுகிற எல்லாப் பெண்களுக்கும் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த விஷயம் இது என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் குழந்தைக்குக் காமாலை என்றால் வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அளவு பார்க்க ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காயாது. மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டிப் போட்டு, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டு எடுங்கள். ஈரவாடையோடு மடித்து வைத்ததைக் குழந்தைக்கு எடுக்கவே கூடாது. சிவப்பு நன்றாகப் படர்ந்து, அதன் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரியாகத் தெரிந்தால் அது பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். எண்ணெய், பவுடர் என்று வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது யார் அலசுவது. துணி வைப்ஸை விட்டவர்களிடம் பேசினால் துணி சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை, அலச ஆள் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். பேறுகாலத்தில் அந்த வேலை பிறந்த வீட்டு அம்மாவின் தலையில் விழுகிறது, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வீட்டுக்குத் திரும்பியதும் குழந்தை பெற்றவளின் இடுப்பில் விழுகிறது. குழந்தைக்கு நல்லது, ஊருக்கு நல்லது என்று நாம் பேசுகிற அத்தனையும் ஒரு பெண்ணின் முதுகுவலியில் நடக்கிறதென்றால் அதைவிடப் பாக்கெட்டே மேல் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். எங்கள் வீட்டில் காலை அலசல் முழுக்க என் கணவருடையது. ஆபீஸ் போவதற்கு முன் வாளியை எடுத்து முடித்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். என் மாமியாருக்கு ஆரம்பத்தில் அது கண்ணுக்குப் பொறுக்கவில்லை. “ஆம்பளப்புள்ளைய இதெல்லாம் செய்ய விடுவாங்களா” என்று என்னிடம் கேட்டார். “அவருக்கும் புள்ளைதானுங்க அத்தை” என்றேன். அப்புறம் அவரே காய்ந்ததை மடித்து அடுக்கித் தர ஆரம்பித்தார். தம்பியிடம் துணியைக் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட்டேன். அவன் சரி என்று சொன்ன பிறகுதான் வேட்டியில் கை வைத்தேன்.

ஆறு மாதத்துக்குமேல் கேழ்வரகுக் கஞ்சியும் சாதமும் ஆரம்பித்ததும் மலம் கெட்டியாகி, வாடையும் மாறிவிடும், வெயில் மட்டும் கறையை எடுக்காது. அந்தக் கட்டத்தில் முகம், கை துடைப்பதற்குத் தனியாகப் பத்துத் துணி பிரித்துவிடுங்கள். ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டுவிட்டால் வீட்டில் யார் எடுத்தாலும் மாறாது, அலசும்போதும் தனி வாளி. வாழைப்பழம் துடைத்ததை மட்டும் உடனே தண்ணீரில் அலசிவிடுங்கள். காய விட்டுத் துவைத்தால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும், அது எந்த சோப்புக்கும் போகாது.